ஹாமில்டன் காக்கி பட்ஜெட்டுக்குள் வரவில்லையா? முப்பதாயிரத்துக்குள் ஆட்டோமேட்டிக் ஃபீல்ட் வாட்ச்

ஹாமில்டன் காக்கி ஃபீல்ட் ஆட்டோ 38 மி.மீ. வாட்சைக் கடையில் கட்டிப் பார்த்தேன், பிடித்துவிட்டது, ஆனால் விலை ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது, கையில் இருப்பது முப்பதாயிரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டோமேட்டிக்காகத்தான் (கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் வகை) வேண்டும், தினமும் ஆபீசுக்குக் கட்டவேண்டும், அவ்வப்போது மலையேறப் போகும்போதும் கையில் இருக்கவேண்டும், மணிக்கட்டு ஆறரை அங்குலம். கூடவே, விலை குறைந்ததை வாங்கிவிட்டு ஹாமில்டனை நினைத்து ஏங்கிக்கொண்டே இருப்பேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடையில் கட்டிப் பார்த்து, பில்லும் வாரண்டியுமாக வாங்கவேண்டும் என்றால் சீகோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் உள்ள ஃபீல்ட் மாடல், அதிலும் உங்கள் மணிக்கட்டுக்கு 36 மி.மீ. வகை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வழி இருக்கிறது, சுங்க வரியைக் கட்டினாலும் பரவாயில்லை என்றால் போல்டர் வெஞ்சர். இந்த இரண்டில் ஒன்றை வாங்கினால் ஏங்கவேண்டிய அவசியம் வராது என்று நம்பிக்கையோடு சொல்வேன். ஏன் என்பதைத்தான் கீழே விளக்கமாக எழுதியிருக்கிறேன், வேறு சில பெயர்களும் வரும்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதியவேண்டும். ஃபீல்ட் வாட்ச், அதாவது களத்தில் இருக்கும் சிப்பாய்க்காகச் செய்த வாட்ச், பிறப்பிலேயே விலை குறைந்த பொருள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஏ-11 என்ற விவரக்குறிப்பைக் கொடுத்து எல்ஜின், புலோவா, வால்தம் போன்ற கம்பெனிகளிடம் செய்து வாங்கியது. கறுப்பு டயல், வெள்ளை எண்கள், சாவி கொடுக்கும் மெஷின், கிரவுனை (பக்கத்தில் உள்ள திருகை) இழுத்தால் வினாடி முள் நிற்கவேண்டும், அவ்வளவுதான். வினாடி முள் ஏன் நிற்கவேண்டும் என்றால், ஒரு படைப்பிரிவில் உள்ள எல்லோரும் ஒரே வினாடியில் வாட்சைச் சரிசெய்துகொண்டு கிளம்பவேண்டும் என்பதற்காக. 1945-ல் பிரிட்டிஷ் ராணுவம் பன்னிரண்டு கம்பெனிகளிடம் இதே போலச் செய்து வாங்கியது, ஒமேகா, லாஞ்சின்ஸ், ஐ.டபிள்யூ.சி., ஜெகர் லெகூல்ட்ர், சைமா, வெர்டெக்ஸ் எல்லாம் அதில் உண்டு. சேகரிப்பவர்கள் அந்தக் கூட்டத்தை 'டர்ட்டி டஸன்' என்பார்கள். 1964-ல் அமெரிக்கா மில்-டபிள்யூ-46374 என்று ஒரு குறிப்பைக் கொண்டுவந்தது, அது இன்னும் ஒரு படி கீழே: கெட்டுப்போனால் ரிப்பேர் பார்க்காமல் வேறொன்றைக் கொடுத்துவிடும் அளவுக்கு மலிவாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் எழுதியது. ஹாமில்டனுக்கும் இந்த வரலாற்றில் உண்மையான பங்கு இருக்கிறது. பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் 1892-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி, 1942-ல் பொதுமக்களுக்கான வாட்ச் உற்பத்தியையே நிறுத்திவிட்டு முழுக்க ராணுவத்துக்குச் செய்தது. ஆனால் லான்காஸ்டர் உற்பத்தி 1969-லேயே முடிந்துவிட்டது, இன்றைய ஹாமில்டன் ஸ்வாட்ச் குழுமத்தைச் சேர்ந்த சுவிஸ் கம்பெனி. நல்ல கம்பெனிதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 'அசல் ஃபீல்ட் வாட்ச்' என்ற மரியாதையை எந்த ஒரு பிராண்டும் தனக்கு மட்டும் என்று எழுதி வைத்துக்கொள்ள முடியாது. சிப்பாய் கையில் இருந்தது விலை குறைந்த, படிக்க எளிதான, முரட்டுப் பயன்பாட்டுக்கான வாட்ச். முப்பதாயிரத்துக்குள் வாங்கும்போது நீங்கள் அந்த மரபிலிருந்து விலகிப் போகவில்லை.

சரி, ஹாமில்டனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் இருபது, இருபத்தைந்தாயிரம் எதற்குப் போகிறது? சஃபையர் (செயற்கை நீலக்கல்) கண்ணாடி, மெல்லிய கேஸ் (வெளிக்கூடு), டயலின் அச்சு சுத்தம், முள்களின் நேர்த்தி, அப்புறம் எச்-10 மெஷின். எச்-10 என்பது இ.டி.ஏ. 2824 மெஷினை அடிப்படையாக வைத்து ஸ்வாட்ச் குழுமம் மாற்றியமைத்தது. பேலன்ஸ் வீல் என்ற, ஊசலாடி நேரத்தை அளக்கும் சக்கரத்தின் துடிப்பை மணிக்கு 28,800-லிருந்து 21,600 ஆகக் குறைத்து, ஸ்பிரிங் பகுதியையும் மாற்றி, ஒரு முறை முழுக்கச் சுற்றினால் 80 மணி நேரம் ஓடும்படி செய்திருக்கிறார்கள். 80 மணி நேரம் என்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் விஷயம். அதன் பயன் யாருக்கு? வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்துவிட்டுத் திங்கள் காலை திரும்ப எடுப்பவர்களுக்கு, இல்லையென்றால் நாலைந்து வாட்ச் வைத்து மாற்றி மாற்றிக் கட்டுபவர்களுக்கு. நீங்கள் ஒரே வாட்சைத் தினமும் கட்டப்போகிறீர்கள். சீகோ தரும் 41 மணி நேரமே, ராத்திரி கழற்றி வைத்து மறுநாள் மாலை வரை மறந்துவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அந்த 80-க்காக மட்டும் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். சஃபையருக்கும் மெல்லிய கேஸுக்கும் கொடுத்தால் நியாயம் உண்டு, அந்த இரண்டையும் தினமும் அனுபவிப்பீர்கள்.

இப்போது சீகோவுக்கு வருவோம். 2019-ல் சீகோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையைப் புதுப்பித்த பிறகு வந்த ஃபீல்ட் மாடல்கள் எஸ்.ஆர்.பி.ஜி. 27 முதலான எண்களில் இருக்கின்றன. எஸ்.ஆர்.பி.ஜி. 27 கறுப்பு டயல், ஸ்டீல் செயின். அகலம் 39.4 மி.மீ., தடிமன் 13.2 மி.மீ., வாரை மாட்டும் கொம்புகளான லக்குகளில் மேல் லக் நுனியிலிருந்து கீழ் லக் நுனி வரை சுமார் 48 மி.மீ., நீர்த்தாங்கு திறன் 100 மீட்டர். உள்ளே 4ஆர்36 மெஷின்: 24 ஜுவல் (உராய்வைக் குறைக்கும் கற்கள்), மணிக்கு 21,600 துடிப்பு, வினாடி முள் நிற்கும், கையாலும் சாவி கொடுக்கலாம், கிழமையும் தேதியும் உண்டு. இதே வாட்ச் 36 மி.மீ. அளவிலும் வந்தது. ஆறரை அங்குல மணிக்கட்டுக்கு 39.4 பெரிதாகாது, ஆனால் 13 மி.மீ. தடிமன் முழுக்கைச் சட்டையின் பட்டன் போட்ட கஃபுக்குள் கொஞ்சம் முட்டும். அதனால்தான் சின்னதைச் சொன்னேன். கடையில் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டு வாங்கிக் கட்டிப் பாருங்கள், கண்ணாடியில் தள்ளி நின்று பாருங்கள். கையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் எல்லா வாட்சும் பெரிதாகத்தான் தெரியும்.

சீகோவின் சுற்றும் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ரோட்டர் என்ற, கை அசைவில் சுற்றும் அரைவட்ட எடைத்தகடு சுழல்வது தெரியும், அதற்கு அடியில் மறைந்திருப்பது 1959-ல் சீகோ கண்டுபிடித்த மேஜிக் லீவர். இரண்டு கால்கள் கொண்ட ஒரு சின்ன இடுக்கி வடிவத் தகடு, ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் அது முன்னும் பின்னும் அசையும், ஓர் அசைவில் ஒரு கால் பற்சக்கரத்தை இழுக்கும், அடுத்த அசைவில் மற்றொரு கால் தள்ளும், ஆகவே சக்கரம் எப்போதும் ஒரே பக்கம்தான் நகரும். மற்ற கம்பெனிகள் நாலைந்து சக்கரங்களை வைத்துச் செய்யும் வேலையை இவ்வளவு குறைந்த உறுப்புகளில் முடித்திருக்கிறார்கள். உறுப்பு குறைந்தால் கெடுவதும் குறையும். சர்வீஸே பார்க்காமல் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய சீகோ 5-களை எல்லோருமே பார்த்திருப்போம், அதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

குறைகளையும் சொல்லவேண்டும். கண்ணாடி ஹார்ட்லெக்ஸ், அதாவது கடினப்படுத்திய மினரல் கண்ணாடி. நம் தெருத் தூசியில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. மினரல் கண்ணாடி அதற்குக் கீழே, சஃபையர் 9. ஆகவே சுவரில் உரசினால், பைக்கில் போகும்போது கிராஸ் பெல்ட் பேக் உரசினால் ஹார்ட்லெக்ஸில் மெல்லிய கோடுகள் விழத்தான் செய்யும். ஆனால் கீழே விழுந்தால் சஃபையரைவிட இது தாக்குப்பிடிக்கும், சஃபையர் கீறாது, ஆனால் நொறுங்கும். பாறையில் கைவைத்து ஏறுபவருக்கு எது நல்லது என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கோடு விழுந்த கண்ணாடியைப் பின்னால் சஃபையராக மாற்றிக்கொள்ளவும் முடியும், சீகோவுக்கு வெளிச்சந்தையில் உதிரிக் கண்ணாடி தாராளமாகக் கிடைக்கிறது.

அடுத்தது நேரத் துல்லியம். 4ஆர்36-க்கு சீகோ அதிகாரபூர்வமாகச் சொல்வது ஒரு நாளைக்கு 45 வினாடி கூடுதல் முதல் 35 வினாடி குறைவு வரை. படித்தால் பயமாக இருக்கும். நடைமுறையில் பல வாட்சுகள் 10, 15 வினாடிக்குள்ளேயே நிற்கின்றன. உங்களுடையது கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடினால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பேலன்ஸ் வீல் படுத்திருக்கும் நிலைக்கும் நிமிர்ந்திருக்கும் நிலைக்கும் ஓட்டம் சற்று மாறும். டயல் மேலே பார்க்கும்படி படுக்க வைத்தால் பெரும்பாலும் கொஞ்சம் வேகமெடுக்கும், கிரவுன் மேலேயோ கீழேயோ இருக்கும்படி பக்கவாட்டில் நிறுத்தினால் பெரும்பாலும் மெதுவாகும். பகலில் 6 வினாடி கூடியது என்றால் ராத்திரி பக்கவாட்டில் நிறுத்தி வையுங்கள், காலையில் போனில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மறுநாள் இன்னொரு நிலையில் வையுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வாட்சின் சுபாவம் தெரிந்துவிடும், எந்தப் பக்கம் வைத்தால் எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்று. அதன் பிறகு மாதத்தில் ஒன்றிரண்டு முறை மட்டும் முள்ளைத் தொட்டால் போதும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இந்த அறிமுகம்தான்.

இன்னொன்று, தேதியை ராத்திரி 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் முள் இருக்கும்போது திருகி மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தை மெஷின் தானே பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும், நீங்களும் தள்ளினால் பல் உடையும். முள்ளை முதலில் 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு தேதியை மாற்றினால் பயமே இல்லை. இது சீகோவுக்கு மட்டும் இல்லை, இந்த விலையில் கிடைக்கும் தேதி வைத்த ஆட்டோமேட்டிக் அனைத்துக்கும் பொருந்தும்.

பழைய எஸ்.என்.கே. 809-ஐப் பலர் சிபாரிசு செய்வார்கள், நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 37 மி.மீ., கறுப்பு டயல், 7எஸ்26 மெஷின், துணி வார். ஒரு தலைமுறைக்கே முதல் ஆட்டோமேட்டிக் அதுதான், அதன் மீது எனக்கும் பாசம் உண்டு. ஆனால் வினாடி முள் நிற்காது, கையால் சாவி கொடுக்க முடியாது, நீர்த்தாங்கு திறன் 30 மீட்டர்தான், அதாவது கை கழுவலாம், மழையில் நனையலாம், அருவியில் நிற்கக்கூடாது. உற்பத்தியும் நின்றுவிட்டது. இப்போது யாராவது அதை ஏறிய விலைக்கு விற்றால் வாங்காதீர்கள், அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்தால் எல்லா வகையிலும் அதைவிட நல்ல புது சீகோ கிடைக்கும்.

பழையதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை. ஆன்லைனில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குப் பளபளவென்று வரும் 'விண்டேஜ்' சீகோ 5, எச்.எம்.டி. வாட்சுகளில் பெரும்பகுதி பழைய டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து, பல வாட்சுகளின் உறுப்புகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியவை. உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. படத்தைப் பெரிதாக்கி டயலில் உள்ள எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள், கம்பெனி அச்சு கத்தி வெட்டியது போல இருக்கும், மறுபெயின்ட் எழுத்து தடித்து, விளிம்பில் பிசிறடித்து, சில இடங்களில் கோடு வளைந்து இருக்கும். தேதி ஜன்னலின் ஓரத்தில் பெயின்ட் வழிந்திருக்கும். ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று கம்பெனி அந்த மாடலில் போடாத நிறமெல்லாம் வரும். நல்ல நிலையில் உள்ள அசல் எச்.எம்.டி. ஜவான் அல்லது பைலட் கிடைத்தால் அது தனிக்கதை. 1961-ல் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. செய்த அந்தச் சாவி வாட்சுகள் ஃபீல்ட் வாட்ச் குடும்பத்துக்கு நம் நாட்டின் பங்களிப்பு என்றே சொல்வேன். அக்ரிலிக் கண்ணாடியில் விழுந்த கோட்டைக் கொஞ்சம் டூத்பேஸ்ட்டும் பருத்தித் துணியும் வைத்துப் பத்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் மறைந்துவிடும். ஆனால் நீங்கள் கேட்டது ஆட்டோமேட்டிக், அதுவும் தண்ணீர், தூசி, மலை எல்லாவற்றுக்கும் ஒரே வாட்ச். ஐம்பது வயது எச்.எம்.டி.யை அந்த வேலைக்கு அனுப்புவது பாவம்.

போல்டர் வெஞ்சரை ஏன் இரண்டாவதாகச் சொன்னேன்? சிங்கப்பூரைச் சேர்ந்த சின்ன பிராண்ட். 38 மி.மீ. டைட்டானியம் கேஸ், சஃபையர் கண்ணாடி, 200 மீட்டர், உள்ளே என்.எச். 35. இந்த என்.எச். 35 வேறு யாருமில்லை, சீகோ தன் 4ஆர்35-ஐ மற்ற கம்பெனிகளுக்கு விற்கும்போது கொடுக்கும் பெயர். உலகம் முழுக்கச் சின்ன பிராண்டுகள் இதையே போடுவதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமே கிடையாது. டைட்டானியத்தின் அருமை கையில் கட்டினால்தான் தெரியும், ஸ்டீலின் எடையில் கிட்டத்தட்ட பாதிக்குச் சற்று மேல், கட்டியிருப்பதே மறந்துபோகும். வியர்வையில் ஸ்டீல் ஒத்துக்கொள்ளாமல் மணிக்கட்டு அரிக்கும் ஆட்களுக்கு இது வரப்பிரசாதம். காரணம், ஸ்டீலில் உள்ள நிக்கல்தான் பலருக்கு ஒவ்வாமை தருவது, வாட்சில் போடும் டைட்டானியத்தில் அது கிடையாது. ஒரே விஷயம், பூச்சு இல்லாத டைட்டானியத்தில் மேலோட்டமான கீறல் சீக்கிரம் விழும், சாம்பல் நிறத்தில் தேய்ந்த தோற்றம் வரும். ஃபீல்ட் வாட்சுக்கு அது அழகுதான் என்பது என் கருத்து, உங்களுக்குப் பளபளப்பு பிடிக்கும் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

டைட்டானியத்திலேயே டைமெக்ஸ் எக்ஸ்பெடிஷன் நார்த் ஆட்டோமேட்டிக்கும் உண்டு, 41 மி.மீ., சஃபையர், 200 மீட்டர். நல்ல வாட்ச், ஆனால் உங்கள் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் அகலம். அதில் உள்ள மெஷின் சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215. ஆயுள் கெட்டி, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ரோட்டர் ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும்தான் ஸ்பிரிங் ஏறும், மறுபக்கம் சும்மா கிறுகிறுவென்று சுழலும், கையை வேகமாக அசைத்தால் அந்த அதிர்வு மணிக்கட்டில் தெரியும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. வினாடி முள்ளும் சில சமயம் ஒரு நொடி தயங்கி நகரும், அது கோளாறு கிடையாது, அந்த மெஷினில் வினாடி முள்ளுக்கு ஓட்டம் வரும் வழி அப்படி. மியோட்டாவில் 9015 என்றால் கதை வேறு, மணிக்கு 28,800 துடிப்பு, 3.9 மி.மீ. தடிமன்தான், என்.எச். 35-ன் தடிமன் 5.3 மி.மீ.க்கு மேல். மெல்லிய வாட்ச் வேண்டும் என்பவர்கள் 9015 அல்லது அதன் தேதியில்லாத தம்பி 9039 போட்ட வாட்சைத் தேடவேண்டும், விலை ஒரு படி ஏறும்.

மாரத்தான் என்ற கனடிய கம்பெனியையும் சொல்லவேண்டும், இன்றும் ராணுவத்துக்குச் சப்ளை செய்பவர்கள். அவர்களுடைய ஜி.பி.எம். 34 மி.மீ.தான், உள்ளே அதே என்.எச். 35, டயலில் டிரிடியம் வாயு அடைத்த நுண்குழாய்கள். சாதாரண ஒளிரும் பூச்சு வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முதல் சில மணி நேரம் பிரகாசமாக இருந்து மங்கிவிடும். டிரிடியம் குழாய் வெளிச்சமே படாமல் விடியும் வரை ஒரே அளவில் மின்னும். டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, அதற்குப் பிறகும் தெரியும், பாதி வெளிச்சத்தில். கூடாரத்தில் படுத்து நடுராத்திரி மணி பார்க்கும் பழக்கம் இருந்தால் இதற்கு நிகர் கிடையாது. ஆனால் இங்கே வந்து சேரும் விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும், வாரின் அகலமும் 16 மி.மீ., எளிதில் கிடைக்காது.

சீன பிராண்டுகள் சான் மார்ட்டின், பால்டனி போன்றவை விலைக்கு மீறிய வேலைப்பாட்டோடு வருகின்றன, சஃபையரும் நல்ல கேஸும் சர்வசாதாரணம். அவற்றில் தங்கள் சொந்த வடிவமைப்பில் வருவதை வாங்குங்கள், ரோலக்ஸ் எக்ஸ்ப்ளோரரை அச்சு அசலாகப் பார்த்துச் செய்ததை வாங்கினால் கொஞ்ச நாளில் அசலின் நினைப்புத்தான் வரும். உங்கள் சந்தேகமே அதுதானே. இந்தியாவில் அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் தடைசெய்யப்பட்டதால் வாங்கும் வழி சுற்றுவழியாகிவிட்டது, சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சொந்தக்காரர் இருந்தால் வரும்போது எடுத்துவரச் சொல்லலாம். வாரண்டி என்று ஒன்றை எதிர்பார்க்காதீர்கள்.

எக்ஸ்ப்ளோரரும் 2022-ல் வந்த டியூடர் ரேஞ்சரும் லட்சங்களில் இருக்கும் வாட்சுகள், உங்கள் கேள்விக்குள் வரவில்லை என்பதால் அவற்றுக்கான மாற்றுகளுக்குள் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், 1953 எவரெஸ்ட் பயணத்துக்கு ரோலக்ஸ் மட்டும் வாட்ச் கொடுக்கவில்லை, ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியும் கொடுத்தது. அந்தப் பெயரில் மியோட்டா 9015 போட்ட எவரெஸ்ட் மாடல் நம் காலத்திலும் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் அந்தப் பக்கம் ஆசை வந்தால் தேடிப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் என்பதில் உங்களுக்குப் பிடிவாதம் இல்லை என்றால் சிட்டிசன் பி.எம். 8180, சூரிய ஒளியில் ஓடும் எக்கோ-டிரைவ், 37 மி.மீ., 100 மீட்டர், ஒரு முறை முழுதாகச் சார்ஜ் ஏறினால் ஆறு மாதம் இருட்டிலும் ஓடும். வெறும் பயன்பாடு என்று பார்த்தால் இங்கே சொன்ன எல்லா வாட்சையும் அது தோற்கடிக்கும், விலையும் பாதிதான். ஆனால் ரோட்டர் சுழல்வதைப் பார்க்கும் சுகம் அதில் இல்லை, நீங்கள் அதற்காகத்தான் ஆட்டோமேட்டிக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எதை வாங்கினாலும் வாரை உடனே மாற்றுங்கள். நம் வெயிலில் தோல் வார் ஒரே கோடையில் நாறிவிடும், ஓரம் வெடிக்கும். நைலான் நேட்டோ வார் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மற்றொன்றைக் கட்டலாம். கேஸுக்கு அடியிலும் துணி ஓடுவதால் ஒரு பக்க ஸ்பிரிங் பார் (வாரை மாட்டும் சின்னக் கம்பி) கழன்றாலும் வாட்ச் கீழே விழாது, பிரிட்டிஷ் ராணுவம் 1973-ல் இதை ஏற்றதற்கு அந்தப் பாதுகாப்பும் ஒரு காரணம். ஆனால் துணி ஓடுவதால் வாட்ச் இன்னும் ஒரு மி.மீ.க்கு மேல் உயரும், ஏற்கெனவே தடித்த சீகோவுக்கு ஒற்றை அடுக்கு நைலான் வார் பொருத்தம்.

வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓட ஆரம்பித்தால் பதறாதீர்கள், பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். லேப்டாப் மூடி, ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த பை, போன் கவர், இவற்றின் மீது வாட்சை வைக்கும் பழக்கம்தான் காரணம். ஒரு சாதாரணத் திசைகாட்டியை அருகில் கொண்டுபோனால் முள் ஆடும், அதுதான் சோதனை. காந்தம் எடுக்கும் சின்னப் பெட்டி எந்த ரிப்பேர்காரரிடமும் இருக்கும், சில வினாடி வேலை. சர்வீஸ் ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை போதும். என்.எச். 35 போட்ட வாட்ச் என்றால் முழுதாகப் பிரித்து எண்ணெய் போடும் கூலியும் புது மெஷினையே மாற்றும் செலவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், இரண்டையும் விசாரித்துவிட்டு முடிவுசெய்யுங்கள். சர்வீஸ் முடிந்ததும் ரப்பர் வளையத்தை மாற்றி நீர்ச் சோதனை செய்தார்களா என்று மட்டும் கேட்காமல் வந்துவிடாதீர்கள், அதைச் செய்யாமல் மூடிய வாட்சை 100 மீட்டர் வாட்ச் என்று நம்பித் தண்ணீரில் இறங்கக்கூடாது.

கடைக்குப் போகும் நாளில் அவசரப்படாமல் இதைச் செய்யுங்கள். கிரவுனை முழுதாக இழுங்கள், வினாடி முள் அந்த நொடியே நிற்கவேண்டும். வினாடி முள் 12-ல் இருக்கும்போது நிறுத்தி, நிமிட முள்ளை ஒரு கோட்டின் மேல் சரியாக வைத்துவிட்டுக் கிரவுனை உள்ளே தள்ளுங்கள், தள்ளும்போது நிமிட முள் துள்ளக்கூடாது. தேதியை ஒரு சுற்று ஓட்டி எண்கள் ஜன்னலின் நடுவில் நிற்கின்றனவா என்று பாருங்கள். டயலின் 12-ஆம் எண்ணும் ஓரத்து நிமிட வளையத்தின் 12-உம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள், இந்த விலையில் எந்த பிராண்டிலும் அது லேசாக விலகி வருவதுண்டு, விலகியிருந்தால் தயங்காமல் வேறொரு பீஸ் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கடை விளக்கில் ஒரு நிமிடம் காட்டிவிட்டுக் கையால் குவித்து மூடி உள்ளே பாருங்கள், பன்னிரண்டு எண்களுக்கும் முள்களுக்கும் ஒளி சமமாக இருக்கவேண்டும். பில்லில் மாடல் எண்ணும் கேஸ் எண்ணும் எழுதி, வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். 36 மி.மீ. அந்தக் கடையில் இல்லை என்றால் 39.4-ஐ வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் வரவழைக்கச் சொல்லி முன்பணம் கொடுங்கள், இரண்டு வாரம் காத்திருப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை.